சனிக்கிழமைச் சம்பளத்தை இனி நீங்களே போட வேண்டும்: தனியாகத் தொழில் தொடங்கும் எலக்ட்ரீஷியன், பிளம்பர்களுக்கு

சைட்டில் சனிக்கிழமை சாயங்காலம் தனி. கொத்தனார்கள் கரண்டியைக் கழுவிக்கொண்டிருப்பார்கள், நாங்கள் ஒயர் துண்டுகளைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டிருப்போம். எல்லார் கண்ணும் கான்ட்ராக்டரின் வண்டி வரும் பாதையில் இருக்கும். ஆறு நாள் கூலியில் நடுவில் வாங்கிய முன்பணம் கழிந்து மீதி கைக்கு வரும். அந்தப் பணத்தில்தான் அடுத்த சனிக்கிழமை வரை வீடு ஓடும்.

மதுரையில் ஒருவரிடம் ஒன்பது வருடம் அப்படி வேலை பார்த்துவிட்டு 2007இல் தனியாக வந்தேன். முதல் வருடம் அதற்கு முன் பார்த்தே இராத அளவுக்குப் பணம் கைக்கு வந்தது. வருடக் கடைசியில் பார்த்தால் எலக்ட்ரிகல் கடையில் பாக்கி, மனைவியின் வளையல் அடகில். வேலையில் குறை இல்லை, வரவிலும் குறை இல்லை. சனிக்கிழமைதோறும் கணக்குப் பார்த்து, இவ்வளவு உனக்கு என்று பிரித்துக் கொடுக்க ஆள் இல்லாமல் போனதுதான் குறை. அந்த ஆளாக நீங்களே எப்படி மாறுவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நான் எலக்ட்ரீஷியன் என்பதால் உதாரணமெல்லாம் ஒயரிங் வேலையில் இருக்கும். பிளம்பருக்கும் பெயின்டருக்கும் கணக்கு இதேதான்.

உங்கள் நாள் கூலி எவ்வளவு என்று முதலில் கண்டுபிடியுங்கள்

தனியாக வரும் தம்பிகள் பெரும்பாலும் செய்யும் முதல் தவறு இது. கான்ட்ராக்டரிடம் 900 ரூபாய் வாங்கினோம், வீட்டுக்காரரிடம் 1,000 கேட்போம், நூறு ரூபாய் லாபம் என்று நினைக்கிறார்கள். அது லாபம் இல்லை, நஷ்டம். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு மாதத்துக்கு என்ன வேண்டும்? வாடகை, மளிகை, பள்ளிக்கூடம், கேஸ், கரண்டு எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 22,000 என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோலும் வண்டிச் செலவும் 2,800. டிரில்லிங் மெஷின் பிட், கட்டர் பிளேடு, தேய்ந்துபோகும் சாமான்களுக்கு 1,200. போனுக்கு 300. காப்பீட்டுக்கும் வயதான காலத்துக்கும் 1,700. ஆக 28,000. வருடத்துக்கு 3,36,000.

அடுத்தது, வருடத்தில் எத்தனை நாள் கூலி கிடைக்கும் என்ற கணக்கு. 365இல் ஞாயிறு 52 போனால் 313. பண்டிகை, சொந்தக்காரர் விசேஷம், துக்க வீடு என்று 25 நாள் போகும். காய்ச்சல், இடுப்பு வலி என்று 10 நாள். எஸ்டிமேட் போடப் போவது, கடைக்கு அலைவது, பாக்கி வசூலிக்கப் போவது எல்லாம் கூலி வராத நாட்கள். அதை 18 என்று குறைத்தே வைக்கிறேன். வேலையே வராத நாட்கள் 60. மிச்சம் 200.

3,36,000ஐ 200ஆல் வகுத்தால் 1,680. அதுதான் உங்கள் நாள் கூலி. 1,000க்குப் போனால் ஒவ்வொரு நாளும் 680 ரூபாயை வீட்டுக்காரருக்கு இனாமாகக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். கான்ட்ராக்டர் 900 கொடுத்தபோது மெஷின் அவருடையது, அலைச்சல் அவருடையது, பாக்கி நின்றால் அதுவும் அவர் தலையில். இப்போது அதெல்லாம் உங்கள் தலையில்.

என் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வாடகை ஊருக்கு ஊர் மாறும், சொந்த வீடு இருப்பவருக்கு வேறு கணக்கு வரும். ஒரு தாளை எடுத்து உங்கள் வீட்டு எண்களைப் போட்டு வகுத்துப் பாருங்கள். எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்பதில் மட்டும் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். 300 என்று போட்டால் தாளில் கூலி குறைவாகத் தெரியும், ஆனால் வருடம் முழுக்கக் கை கடிக்கும்.

சின்ன வேலைக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஃபேன் ரெகுலேட்டர் மாற்றக் கூப்பிடுவார்கள். வேலை பத்து நிமிடம்தான், போய் வருவதற்கு ஒரு மணி நேரம். "என்ன தம்பி, ரெண்டு ஸ்க்ரூ முடுக்குனதுக்கு முந்நூறா?" என்பார்கள். "அம்மா, வந்து பார்க்கிற கூலியே அதுதான். இன்னும் ஏதாவது சின்ன வேலை இருந்தா சொல்லுங்க, இதிலேயே பார்த்துட்டுப் போறேன்" என்று சொல்லிப் பழகுங்கள். போனில் பேசும்போதே குறைந்தபட்சக் கூலியைச் சொல்லிவிட்டால் வாசலில் நின்று பேச வேண்டியிராது.

சதுர அடி ரேட்டை நாளாக மாற்றிப் பாருங்கள்

புது வீட்டுக்கு லேபர் கான்ட்ராக்ட் பேசும்போது "மத்தவங்க சதுர அடிக்கு 40 ரூபாய்க்குப் பண்றாங்க" என்று சொல்வார்கள். 1,000 சதுர அடிக்கு 40,000 என்றதும் மனசு சரி என்று சொல்லிவிடும். அங்கேயே தலையாட்டாமல் வீட்டுக்கு வந்து நாளாக மாற்றுங்கள். உங்களுக்கு 20 நாள், ஹெல்பருக்கு 20 நாள், பிறகு வரும் கம்ப்ளெய்ன்டுக்கு உங்களுடைய மூன்று நாள். ஹெல்பருக்கு 700 என்றால் 14,000. உங்கள் 23 நாளுக்கு 38,640. கூட்டினால் 52,640. ஆக அந்த வேலைக்கு 53,000 கேட்க வேண்டும். 40,000க்கு ஒத்துக்கொண்டால் ஹெல்பர் கூலி போக மிஞ்சும் 26,000 உங்கள் 23 நாளுக்குப் பிரியும், நாளுக்கு 1,130 ரூபாய்.

சில நேரம் 1,130க்கும் போகத்தான் வேண்டியிருக்கும். கை சும்மா இருக்கும் மாதத்தில் நானும் போயிருக்கிறேன். ஆனால் குறைத்துப் போகிறோம் என்று தெரிந்து போவது வேறு, தெரியாமல் போய் மாட்டிக்கொள்வது வேறு.

சாமான் பணத்தைத் தொடாதீர்கள்

கைக்கு வரும் பணமெல்லாம் உங்கள் பணம் இல்லை. ஒயர், பைப், ஸ்விட்ச் வாங்கக் கொடுத்த பணம் வீட்டுக்காரருடையது. ஹெல்பரின் கூலி அவனுடையது. இரண்டும் போக மிஞ்சுவதுதான் உங்கள் வரவு.

நான் முதல் வருடம் விழுந்த குழி இதுதான். ஆனையூரில் ஒரு வீட்டுக்குச் சாமான் வாங்கக் கொடுத்த 30,000 ரூபாயில் திருப்பாலையில் இன்னொரு வீட்டுக்கு ஒயர் வாங்கினேன். திருப்பாலைப் பணம் வந்ததும் ஆனையூருக்கு அடைத்துவிடலாம் என்று நினைப்பு. திருப்பாலைப் பணம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. நடுவில் செம்பு விலை ஏறி ஒயர் விலையும் ஏறியது. ஆனையூர்க்காரருக்கு முன்னால் நின்று பதில் சொல்ல முடியாமல் போன நாளில்தான் வளையல் அடகுக்குப் போனது.

அதற்குப் பிறகு ஒரே வழிதான் வைத்திருக்கிறேன். லிஸ்ட் எழுதிக் கொடுப்பேன், வீட்டுக்காரரே கடைக்கு வந்து பணம் கட்டி, பில்லை அவர் பெயரில் வாங்கிக்கொள்வார். விலை ஏறினாலும் இறங்கினாலும் நமக்குப் பயம் இல்லை. சாமானோடு சேர்த்துத்தான் பேச வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால், எஸ்டிமேட்டின் அடியில் "இந்த விலை 7 நாளுக்கு மட்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

கடையில் கமிஷன் தருவார்கள். அது வீட்டுக்காரர் பில்லில் ஏறித்தான் நமக்கு வருகிறது. என்றைக்காவது அவருக்குத் தெரிந்தால் அந்தத் தெருவிலேயே நமக்கு வேலை இருக்காது. கமிஷனை அவருக்கே தள்ளுபடியாக வாங்கிக் கொடுத்துவிட்டு, கூலியை நேராகக் கேளுங்கள். எனக்கு இன்றைக்கும் வரும் வேலைகளில் பாதி அப்படித் தள்ளுபடி வாங்கிக் கொடுத்த வீடுகள் சொல்லி அனுப்பியவை.

பால் காய்ச்சும் நாளுக்கு முன் பணம்

2009இல் ஒரு வீட்டில் 18,000 ரூபாய் பாக்கி நின்றது. கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் ராத்திரி 11 மணி வரை சீரியல் லைட் கட்டிவிட்டு வந்தேன். "விசேஷம் முடியட்டும் தம்பி, கூப்பிட்டுத் தர்றேன்" என்றார். ஆறு மாதத்தில் எத்தனை தடவை போனேன் என்று எண்ணவில்லை. கிடைத்தது 6,000. வீட்டில் விளக்கு எரிய ஆரம்பித்த பிறகு எலக்ட்ரீஷியனின் அவசரம் யாருக்கும் புரிவதில்லை.

பணத்தைக் கட்டங்களாகப் பிரித்துப் பேசுங்கள். அந்த 53,000 வேலையையே எடுத்துக்கொண்டால், வேலை பேசியதும் அட்வான்ஸ் 10,000. கான்கிரீட்டுக்கு முன் ரூஃப் பைப் போட்டு முடித்ததும் 10,000. சுவரில் காடி வெட்டி பாக்ஸ் வைத்ததும் 13,000. ஒயர் இழுத்ததும் 12,000. கடைசி ஃபிட்டிங்குக்கு 8,000, அதுவும் பால் காய்ச்சும் நாளுக்கு முன். ஒரு கட்டத்தின் பணம் வராமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். சண்டை போட வேண்டாம். "அண்ணே, பையனுக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுக்கணும், இந்தக் கட்டத்தை முடிச்சுக் கொடுத்துட்டீங்கன்னா திங்கக்கிழமை ஒயர் இழுக்க வந்துடுறேன்" என்றால் போதும். இதை முதல் நாளே ஒரு தாளில் எழுதி அவரிடம் ஒன்று, உங்களிடம் ஒன்று. தாள் எழுதும்போது முகம் சுளிப்பவரிடம் பின்னால் பணம் வாங்குவது கஷ்டம் என்பது என் அனுபவம்.

கூடுதல் பாயின்டுக்கும் அதே தாளில் ரேட் இருக்கட்டும். "இங்க ஒரு பிளக், அங்க ஒரு லைட்" என்று வேலை நடுவில் ஏறுவது எல்லா வீட்டிலும் உண்டு. அன்றன்றைக்கு எழுதி வாட்ஸ்ஆப்பில் போட்டோவோடு அனுப்பிவிட்டால் கடைசியில் பேச்சு வராது.

சனிக்கிழமை சாயங்காலம்

இனி முக்கியமான இடம். வங்கியிலோ தபால் ஆபீசிலோ இரண்டாவதாக ஒரு கணக்கு திறங்கள். வேலைப் பணம் எல்லாம் அதில்தான் வர வேண்டும், கியூஆர் கோடும் அந்தக் கணக்குக்கே. ரொக்கமாக வாங்கினால் அடுத்த நாளே அதில் போடுங்கள். வீட்டுச் செலவுக்கு அந்தக் கணக்கிலிருந்து கை வைக்கக் கூடாது.

சனிக்கிழமை வேலை முடிந்ததும் ஹெல்பருக்குக் கூலி. அடுத்து உங்களுக்குக் கூலி. மேலே சொன்ன கணக்கில் வீட்டுக்கு மாதம் 22,000 என்றால் வாரத்துக்கு 5,000 வருகிறது. அந்த 5,000ஐ வேலைக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். அந்த வாரம் 15,000 வந்திருந்தாலும் 5,000. ஒன்றுமே வராத வாரமும் 5,000. நான் மனைவியின் கணக்குக்கே அனுப்பிவிடுகிறேன். என்ன வரும், என்றைக்கு வரும் என்று தெரிந்த பிறகு அவர் மளிகையை மாதத்துக்கு ஒரே தடவையாக வாங்க ஆரம்பித்தார், அதிலேயே செலவு குறைந்தது.

முதல் ஆறு மாதம் இது கஷ்டம். பெரிய தொகை வந்த வாரத்தில் கை பரபரக்கும், போன் மாற்றலாம் என்று தோன்றும். மச்சான் கைமாத்துக் கேட்பார். "கணக்கில் இருப்பது சாமான் பணம், மச்சான்" என்று சொல்லிவிடுங்கள். பாதி உண்மைதான், மீதி வேலை வராத ஆடி மாதத்துக்கான பணம்.

கணக்கு எழுத ஆப் வேண்டியதில்லை. ஒரு நோட்டு போதும். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம்: பேசிய தொகை, வந்தது, ஹெல்பர் நாள், பாக்கி. சனிக்கிழமை கால் மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

ஆடிக்குச் சேர்ப்பது தையில்

நம் தொழிலுக்குப் பஞ்சாங்கம் உண்டு. ஆனி, ஆடி, புரட்டாசி, மார்கழியில் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள். வைக்காததால் அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய அவசரமும் இருக்காது, பணமும் நகராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளி வேலை நிற்கும், பெயின்டர்களுக்கு இன்னும் மோசம். தை பிறந்தால் வைகாசி வரை மூச்சுவிட நேரம் இருக்காது.

தையிலிருந்து வைகாசி வரை வேலைக் கணக்கில் தேங்குவதை அப்படியே தேங்க விடுங்கள். எட்டு வாரச் சம்பளம், அதாவது 40,000, அந்தக் கணக்கில் நின்றால் ஆடியில் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. ஒரே வருடத்தில் சேராது, எனக்கு மூன்று வருடம் ஆனது. அந்த 40,000 சேர்ந்த பிறகுதான் கூலி பேசும்போது என் குரலே மாறியது. "இந்த ரேட்டுக்கு முடியாதுங்க" என்று சொல்ல முடிந்தது.

மந்தமான மாதத்துக்கென்று சில வேலைகளை ஒதுக்கி வையுங்கள். பழைய வீட்டு எர்த் சரிபார்ப்பது, மோட்டார் ஸ்டார்ட்டர் சர்வீஸ், கரண்டு கசிந்தால் தானாகவே துண்டிக்கும் ஆர்சிசிபி ஸ்விட்ச் இல்லாத வீடுகளில் அதைப் போட்டுக் கொடுப்பது. மழைக்கு முன் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு போன் போட்டாலே நாலு வேலை வரும்.

தண்டல் பணத்தின் உண்மை வட்டி

மெஷின் வாங்க அவசரத்துக்குத் தண்டல் வாங்குவார்கள். 9,000 கையில் தருவார்கள், நாளுக்கு 100 வீதம் 100 நாள், மொத்தம் 10,000. ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டுகிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் 100 நாளும் உங்கள் கையில் இருந்தது சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு 1,000 வட்டி என்றால் வருடத்துக்கு 80 சதவீதம் அளவுக்கு வருகிறது. நூற்றுக்கு மூன்று வட்டி என்று வாங்கினாலும் வருடத்துக்கு 36. வங்கியில் நகைக் கடன் இதற்குப் பக்கத்திலேயே வராது. தொழிலுக்கென்றே முத்ரா கடன் இருக்கிறது, 50,000 ரூபாய் வரை சிசு என்ற பிரிவில், ஈடு இல்லாமல். வங்கியில் ஒரு தடவை இல்லை என்றால் இன்னொரு கிளைக்குப் போங்கள். சின்னத் தொழில்களுக்கு மத்திய அரசு இலவசமாகத் தரும் உத்யம் பதிவுச் சான்றும் வேலைக் கணக்கின் ஆறு மாத பாஸ்புக் பக்கங்களும் கையில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

சீட்டு போடுவதாக இருந்தால் பதிவு பெற்ற சீட்டாக மட்டும். தெரிந்தவர், தெருக்காரர் என்பது பாதுகாப்பு இல்லை.

வாரியத்தில் பெயர், உடம்புக்குக் காப்பீடு

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் பெயின்டரும் சேரலாம். 18 வயது முதல் 60 வரை. பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்துக்கு உதவித்தொகை, 60க்குப் பிறகு ஓய்வூதியம். கட்டடம் கட்டுபவர்களிடம் கட்டுமானச் செலவில் 1 சதவீதம் நல நிதியாக வசூலித்துத்தான் இது நடக்கிறது. நாம் உழைத்த கட்டடத்திலிருந்து வந்த பணம், வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. அட்டையைக் காலத்தில் புதுப்பியுங்கள். புதுப்பிக்காமல் விட்டதால் உதவி கிடைக்காமல் போன குடும்பத்தை நேரில் பார்த்திருக்கிறேன்.

சாரத்தில் ஏறுகிறோம், லைன் ஓடும்போது பெட்டியைத் திறக்கிறோம். பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்துக்கு வருடம் 20 ரூபாய்தான். விபத்தில் இறந்தாலும் முழுதாக முடங்கினாலும் 2 லட்சம். பிரதமர் ஜீவன் ஜோதி பீமா திட்டத்துக்கு வருடம் 436 ரூபாய், எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம், 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டுக்கும் மே கடைசியில் கணக்கிலிருந்து பணம் எடுப்பார்கள். அன்றைக்குக் கணக்கு காலியாக இருந்தால் காப்பீடு போய்விடும். கால் முறிந்து இரண்டு மாதம் படுத்தால் இதில் ஒன்றும் வராது, அதற்குத்தான் அந்த எட்டு வாரப் பணம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வருமான வரிக்குப் பயப்படாதீர்கள்

கம்பெனிக்கோ பெரிய பில்டருக்கோ வேலை செய்தால் பணத்தில் 1 சதவீதத்தை டிடிஎஸ் என்று, அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே, பிடித்துக்கொண்டு தருவார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம் போகும். அந்தப் பிடித்த பணம், வரி கட்ட வேண்டிய அளவுக்கு வருமானம் இல்லாதவருக்குத் திரும்பக் கிடைக்கும், ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான். சின்னத் தொழிலுக்கு வரவு செலவுப் புத்தகம் இல்லாமலே, ரொக்கமாக வந்த வரவில் 8 சதவீதமும் வங்கி வழியாக வந்ததில் 6 சதவீதமும் குறைந்தபட்ச வருமானமாகக் காட்டும் முறை இருக்கிறது. அதைவிடக் கூடுதலாகச் சம்பாதித்தால் அதைக் காட்டுங்கள். வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது வங்கி கேட்பது இரண்டு மூன்று வருட ரிட்டர்ன். அதில் இருக்கும் வருமானத்துக்குத் தக்கபடிதான் கடன்.

ஜிஎஸ்டி பதிவு நம்மைப் போல சேவை செய்பவர்களுக்கு வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். சாமானையும் உங்கள் பெயரில் வாங்கிச் சேர்த்துப் பில் போட்டால் அதுவும் இந்த 20 லட்சத்தில் ஏறும். வீட்டுக்காரரே சாமான் வாங்கட்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அறுபதுக்கு இப்போதே

அடல் ஓய்வூதியத் திட்டம் 2015இல் வந்தபோது எனக்கு 39 வயது. 40க்குள் சேர வேண்டும். வேலை முடியட்டும், பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன், வயது தாண்டிவிட்டது. இப்போது தபால் ஆபீசில் பிபிஎஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு வைத்திருக்கிறேன். வருடத்துக்குக் குறைந்தது 500 கட்டினால் போதும், வரவு ஏறி இறங்கும் நமக்கு அது வசதி. ஆனால் முதிர 15 வருடம் ஆகும். 1,50,000 வரை வருடத்துக்குப் போடலாம் என்றாலும் என்னால் தையிலும் சித்திரையிலும் மட்டுமே போட முடிகிறது.

அடலில் 60 வயதுக்குப் பிறகு மாதம் 5,000 வேண்டும் என்றால், 25 வயதில் சேர்பவருக்கு மாதம் 376 ரூபாய், 30இல் 577, 35இல் 902. வருமான வரி கட்டுபவர்கள் மட்டும் சேர முடியாது. என்னோடு இருக்கும் ஹெல்பருக்கு அதில் சேரும்போது 25 வயது. போன வருடம் நானே வங்கிக்குக் கூட்டிப்போய் எழுதிக் கொடுத்தேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை அவன் கூலியைக் கொடுக்கும்போது, 376ஐக் கணக்கிலேயே விட்டுவைத்திருக்கிறானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.